இடது சிரட்டை

தேங்காய் பொய் சொல்லாது என்பார் மாமா. அம்மாவின் தம்பி. நாட்டில் எத்தனை தென்னை, மரத்துக்கு எத்தனை காய் என்று கணக்கெடுக்கிற சர்க்கார் ஆபீசில், திருவனந்தபுரத்தில் குமாஸ்தா. ஆபீஸ் ஃபுட்பால் டீமுக்கு அவர்தான் கோலி, அதாவது கோல்கீப்பர். நாளெல்லாம் தேங்காயைக் கணக்குப் போடுகிற மனுஷன், மேட்ச் ஜெயிக்குமா என்று தெரிந்துகொள்ள மட்டும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு அதே தேங்காயை உடைத்துப் பார்ப்பார். சுக்குநூறாகச் சிதறினால் ஜெயம்.

எனக்குப் பத்து வயசிருக்கும். ஒவ்வொரு மேட்சும் மறுநாள் எங்கள் கரமனை வீட்டில், சாப்பாட்டு வேளையில் இன்னொரு தடவை நடக்கும். இரண்டு டம்ளர்தான் கோல்போஸ்ட், எலுமிச்சம்பழம் பந்து. தான் விட்ட கோல் எப்படி விழுந்தது என்று மாமா உருட்டிக் காட்டுவார். நான் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை வைத்துக்கொண்டு, கோலுக்கொரு புளியங்கொட்டை போட்டு வந்தேன். அவருக்கு இடப்பக்கம் விழுந்தால் இடது சிரட்டை, வலப்பக்கம் என்றால் வலது. மழை பிடிப்பதற்குள் இடது சிரட்டை நிரம்பி வழிந்தது. வலதில் அடிகூட மறையவில்லை.

ஃபைனலுக்கு என்னையும் கூட்டிப்போவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். பெண்குழந்தை மூங்கில் காலரியில் ஏறுவதா என்ற அம்மாவின் முனகலைக்கூடச் சமாளித்தாயிற்று. ஃபைனல் அன்று காலை காய் பிரமாதமாகச் சிதறியதாம். நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றார்.

"ஜெயம்தானேடி?"

"தோத்துடுவேள் மாமா. உங்களுக்குக் கோலெல்லாம் இடது பக்கமாத்தான் உள்ள போறது. இதப் பாருங்கோ" என்று சிரட்டைகளை நீட்டினேன்.

அம்மா பாய்ந்து வந்தாள். "கெளம்பற நேரத்துல வாயில நல்ல வார்த்தை வராதோ? ஜெயிப்பேள்னு சொல்லு. சொன்னாத்தான் நீ போலாம், கேட்டியோ."

ஒரே ஒரு சொல். சொல்லியிருந்தால் காலரி. புதுப் பாவாடைகூடக் கட்டியாயிற்று.

"கொட்டை சொல்லலையே. நான் எப்படிச் சொல்லுவேன்?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. சிரட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டார்.

மத்தியானம் முழுக்க நான் வாசற்படியை விட்டு நகரவில்லை, காப்பிக்குக் கூப்பிட்டும் போகவில்லை. அந்தி சாயும்போது தெருமுனையில் கூச்சல். ஜெயித்துவிட்டார்கள்! எதிராளிக்கு ஒரு கோல்கூட இல்லை. மாமாவைத் தோளில் தூக்கி வந்தார்கள். இடது முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பனியனில் இடப்பக்கம் பூராவும் செம்மண். வலப்பக்கம் போட்டுக்கொண்டு போன வெள்ளை மாறாமல் அப்படியே இருந்தது.

"என்னடி, உன் கணக்கு என்னாச்சு?" அம்மா கேட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

"கணக்கு சரிதான். மேட்ச்தான் தப்பு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒரு கொட்டையைக்கூடக் கீழே போடவில்லை. மாமா மட்டும் சிரிக்காமல், முழங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்: "அந்தச் சிரட்டையத் தூரப் போட்டுடாதே, கொழந்தே."

அடுத்த வருஷமும் வைத்துக் கேலி பண்ணத்தான் சொல்கிறார் என்று முறைத்தேன். மறுநாள் அந்தப் பனியனை அலசும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மனுஷன் ஒரு பக்கமாகவே விழுந்து புரண்டு இப்படியா அழுக்காக்குவான் என்று மாமாவைத் திட்டிக்கொண்டே, போகாத செம்மண்ணைக் கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.