அக்கா பெயிண்ட் அடித்த அறை

சுவரில் பூசித் தேய்த்த பட்டியின் வெள்ளைத் தூள் புருவத்திலும் தலைமுடியிலும் படிந்திருக்க, கையில் உப்புத்தாளோடு அக்கா பின்னறையிலிருந்து வெளியே வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நினைவில் அப்படியே இருக்கிறது. "இன்னாடி, கெயவி மாதிரி கீற" என்று அம்மா சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். விவாகரத்தாகித் திருவள்ளூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அதுவரை அரிசி மூட்டையும் உடைந்த கட்டிலும் கிடந்த அறை அது. "இத நான் எடுத்துக்கறேம்மா" என்று அக்கா கேட்டபோது யாரும் மறுக்கவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவளுக்கு வேலை. வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்து, ஞாயிறுகளில் சுவரோடு மல்லுக்கட்டினாள். பழைய சுண்ணாம்பை நனைத்து நனைத்துச் சுரண்டினாள். குளியலறைப் பக்கச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. ஆள் வைத்துக் குழாய்க் கசிவை அடைத்தவள், சுவர் காயும்வரை அதைத் தொடவே இல்லை. "அப்டியே மேல அடிச்சிட்டு போயேன்டி" என்று அம்மா சலித்துக்கொண்டபோது, "ஈரத்து மேல அடிச்சா ஒரு மழைக்குத் தாங்காதும்மா. நான் இங்க ரொம்ப நாள் இருக்கப் போறேன்" என்றாள். பிறகு பட்டி, பிரைமர், அதன்மேல் இரண்டு கை இளம்பச்சை. ஜன்னலுக்கு மட்டும் இன்னொரு கை பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அண்ணனுக்கு, அதாவது அக்காவின் தம்பிக்கு, பெண் அமைந்தது. பெண்வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். "பொண்ணு மாப்ளைக்கு எந்த ரூமு?" என்று பெண்ணின் தாயார் கேட்டார். அம்மா தயங்கவே இல்லை. பின்னறைக் கதவைத் திறந்து, "இதான். வரப் போற மருமகளுக்கோசரம் புதுசா பெயிண்ட் அடிச்சி வச்சிகீறோம்" என்றாள். காபித் தட்டோடு பின்னால் நின்றிருந்தாள் அக்கா. எல்லாருக்கும் கொடுத்து முடித்தாள்.

அவர்கள் போனதும், "அம்மா, அது என் ரூமு" என்றாள்.

"உனுக்கு இன்னா, ஒண்டிக்கட்ட. ஹால்ல படுத்துக்கினா ஆவாதா? கல்யாணம் ஆவற புள்ள எங்க போவான்?"

நான் சண்டை போட்டேன். என் வாயை அடைத்துவிட்டார்கள். அண்ணன் அறைக்குள் எட்டிப் பார்த்து, "கலரு சூப்பரா கீதுக்கா" என்றான். அதில் குத்தல் ஏதும் இல்லை. மனதாரத்தான் சொன்னான். இன்றைக்கும் எனக்குக் கசப்பது அதுதான்.

அடுத்த ஞாயிறு அக்கா ஜன்னலுக்குப் பாக்கியிருந்த ஒரு கையையும் அடித்து முடித்தாள். பிரஷை மண்ணெண்ணெயில் அலசி வைத்துவிட்டு, கம்பெனிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு வந்தாள், விருந்தாளிகளோடு சாப்பிட்டு, விருந்தாளிகளோடு கிளம்பிவிட்டாள். "அவளுக்கு அழுத்தம் ஜாஸ்தி" என்று அம்மா இன்னமும் எல்லாரிடமும் சொல்கிறாள்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். இத்தனை வருடமும் அதே வாடகை அறைதான். சுவர் இடுப்பளவுக்கு உரிந்து தொங்குகிறது. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகெல்லாம் காரை. "ஞாயித்துக்கெயம வரட்டுமா? ரெண்டு பேருமா சேந்து அடிச்சிடலாம்" என்றேன்.

அக்கா சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாணாம்" என்றாள். "நல்லா ஆக்கி வச்சா, வேற யாருக்குனா குடுத்துடுவாங்க."