பேஸ்பாலுக்கும் கிளச் பார்த்தேன்

ஜெலுத்தோங்கில் நாற்பது வருடமாகக் கிளச் மாற்றுகிறேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஸ்பானர் துடைக்க நுழைந்த பட்டறை இன்று என்னுடையது. வண்டி உள்ளே வரும் சத்தத்திலேயே கிளச் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். பினாங்கில் வேறு யாராவது அப்படிச் சொன்னால் என் முன்னால் வந்து சொல்லட்டும்.

என் மகள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர். அங்குள்ள பேஸ்பால் குழுவை நடத்துவதும் அவள்தான். இந்த வருடம் குழு இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம், ஸ்கோர் புத்தகத்தை விரித்துக்கொண்டு சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா?”

“நாலாவதா மட்டை பிடிக்க யாரை இறக்குறதுன்னு தெரியலப்பா. ரெண்டு பேர்ல யாரு கிளச்சுன்னு அளந்து பாக்கணும். தப்பாப் போச்சுன்னா குழுவை வேற ஆளுகிட்ட குடுத்துருவாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதை நம்மகிட்டதானே கேக்கணும்? வண்டி எங்க?”

“ஐயோ அப்பா, அது வேற கிளச் லா!”

பந்தை வேலிக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன். நெருக்கடியில் கைவிடாமல் அடிக்கிறவனைக் கிளச் என்பார்களாம். கேட்டுக்கொண்டேன். வேறு கிளச் ஒன்றும் இல்லை, அதே கிளச்தான்.

ஒருவன் வாட்டசாட்டமான நம்மாள். பதினொரு ஹோம் ரன். இன்னொருவன் ஒல்லியான சீனன், ஐந்துதான்.

“சமமான ரோட்டுல எல்லாக் கிளச்சும் நல்ல கிளச்தான்மா. டுரியான் ஏத்துன லோரியை பாலிக் புலாவ் மலையில பாதி ஏத்தத்துல நிறுத்தி, இடது காலால கிளச்சை மெல்ல விட்டுக் கிளப்பிப் பாரு, அப்பத் தெரியும்.”

ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசி மூன்று இன்னிங்ஸில், ஓட்டம் சமமாகவோ ஒன்றிரண்டு பின்தங்கியோ இருந்தபோது அடித்த ஹோம் ரன்னை மட்டும் எடுக்கச் சொன்னேன். பெரியவனுக்கு இரண்டு தேறியது. மற்றதெல்லாம் ஆட்டத் தொடக்கத்திலோ ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்தபோதோ அடித்தவை. ஒல்லியனுக்கு நான்கு.

“நாலு ரொம்பக் கம்மிப்பா. அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம்.”

நியாயம்தான். ஒருமுறை ஏறிய வண்டியை நானும் நம்புவதில்லை. ஏறியதை மட்டும் எண்ணினால் போதாது, பாதியில் நின்றதையும் எண்ணவேண்டும். போன வருடப் புத்தகத்தையும் எடுத்து, அதே நெருக்கடியில் இருவரும் மட்டையோடு நின்ற ஒவ்வொரு முறையையும் எழுதினோம். பெரியவன் பாதிக்கு மேல் காற்றில் வீசிவிட்டு வெளியேறியிருந்தான். ஒல்லியன் வேலியைத் தாண்டாதபோதும் எப்படியோ பந்தைத் தொட்டிருந்தான்.

“இவன் ஸ்லிப் ஆகல, பிடி விடல,” என்றேன். அவள் அவன் பெயரை நான்காவதாக எழுதினாள்.

பெரியவனுக்குக் கோபம். “ஏன்க்கா, லோரி மெக்கானிக் பேச்சைக் கேட்டா என்னை ஏழாவதா போட்டீங்க?” என்றானாம்.

“கிளச் மெக்கானிக்,” என்று திருத்தினாளாம் என் மகள்.

இறுதி ஆட்டம். ஓட்டம் சமம், எங்களுக்குக் கடைசி இன்னிங்ஸ். மூன்றாவது பேஸில் நிற்கும் எங்கள் ஆள் கிளம்பிய இடத்துக்கே ஓடி வந்துவிட்டால் கோப்பை எங்களுக்கு. ஒல்லியன் மட்டையோடு வந்தான். எல்லோரும் ஹோம் ரன், ஹோம் ரன் என்று கத்தினார்கள். அவன் அடித்த பந்து வேலிப் பக்கம்கூடப் போகவில்லை. எதிரணியின் இரண்டு ஆட்களுக்கு நடுவே பொத்தென்று விழுந்தது. மூன்றாவது பேஸில் நின்றவன் ஓடி வந்துவிட்டான்.

முதலில் போய் ஒல்லியனைத் தூக்கியது அந்தப் பெரியவன்தான். மகள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். கை அசைக்கவில்லை. இடது காலைத் தரையில் அழுத்தி, மெல்ல எடுத்துக் காட்டினாள்.