தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

வட்டகொடையைத் தாண்டி நானுஓயாவுக்கு ஏறுகிற ரயில் பாதையில், தோட்டத்து ரோடு தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிற இடத்தில் ஒரு தகரக் கூடு இருக்கிறது. ரயிலில் போகிறவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த இடம் வரும்போது மறுபக்கம் அருவி தெரியும், எல்லார் தலையும் அந்தப் பக்கம்தான் நீளும். கூட்டுக்குள் செம்மஞ்சள் மேலங்கியோடு உட்கார்ந்திருப்பவள் பெயர் நாகலெட்சுமி. தோட்டத்தில் அவளைக் கேட்டுக்காரி என்பார்கள்.

அவள் அந்தக் கூட்டுக்கு வந்த கதை பெரிதல்ல. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்தான். முழங்கால் மலையேற மறுத்தது. அந்தச் சமயம் பார்த்து இந்தக் கடவையில் ஓர் ஓட்டோ ரயிலில் அடிபட்டது. ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து கத்தினார்கள். ஐயாமார் வந்தார்கள், நாடா பிடித்து அளந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். ஜனங்கள் மறுபடி உட்கார்ந்தார்கள், ஐயாமார் மறுபடி வந்தார்கள். கடைசியில் இரண்டு மூங்கில் கம்பமும் ஒரு தகரக் கூடும் முறை போட்டுக் காவல் காக்க மூன்று ஆட்களும் கிடைத்தன. 'பாதுகாப்பான புகையிரதக் கடவை' என்று பலகை நட்டுப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் யாருடைய ஆள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. வேலைக்கு வைத்தது பொலிஸ். கம்பம் ரயில்காரர்களுடையது. ரோடு தோட்டத்துடையது. கம்பத்தில் ஒன்று உடைந்தால் பொலிஸ் ரயிலைக் காட்டும், ரயில் பொலிஸைக் காட்டும், தோட்டத்துத் துரை வானத்தைக் காட்டுவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி என்பார்கள்; இவளுக்கு மூன்று பக்கம். ஆனால் லீவு என்று கேட்டுப் பாருங்கள், மூன்று பேருக்கும் ஒரே வாய்தான்: கேட்டை விட்டு நகரக் கூடாது.

நகரவும் முடியாது. ரோட்டின் இரண்டு பக்கக் கம்பங்களையும் ஒரே கம்பியில் கோத்து, அதன் நுனியில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றை இழுத்தால் இரண்டும் ஒன்றாக இறங்கும். விட்டால், பின்முனையில் கட்டிய கல்லின் பாரத்தில் ஒன்றாக ஏறும். இழுத்த கயிற்றை மாட்ட ஒரு கொக்கி இருந்தது. போன தீபாவளிக்கு ஒரு பஸ் பின்னால் எடுத்தபோது தூணை இடித்தது. கொக்கி போனது, தூணும் ஆட்டம் கண்டது. கயிற்றை அதில் கட்டினால் தூண் சாய்ந்துவிடும். ஆகவே ரயில் வந்து போகும்வரை கயிற்றைக் கையில் சுற்றி, காலை ஊன்றி, அவளே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சொல்ல வேண்டிய எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

ரயில் வருகிறது என்று அவளுக்குச் சொல்ல மணியும் இல்லை, விளக்கும் இல்லை. கேட்டுக்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு கேட்டை ரயில் தாண்டியதும், அங்கே இருப்பவர் அடுத்த கேட்டுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பார். கீழ்க் கேட்டிலிருந்து தனுஷிகா கோல் போட்டால் மேலே ஏறுகிற வண்டி. மேல் கேட்டிலிருந்து வந்தால் இறங்குகிற வண்டி. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. இது இல்லாவிட்டால் அந்த மலையில் எத்தனை பேர் செத்திருப்பார்களோ, அதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சரி, அவசரத்துக்கு வேறு ஒருவரிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். ஒருமுறை அப்படி நடந்தது. கூட வேலை செய்யும் வீரய்யாவுக்குக் காய்ச்சல் என்று அவருடைய மைத்துனன் வந்து நின்றான். அட்டவணையில் இல்லாத வெறும் எஞ்சின் ஒன்று பனிக்குள் இறங்கி வந்தது. மிஸ்ட் கோல் வீட்டில் படுத்திருந்த வீரய்யாவின் போனுக்குப் போனது; அவன் பள்ளிக்கூட வேனுக்குக் கம்பத்தைத் தூக்கிவிட்டான். தற்செயலாக மேலே இருந்து இறங்கிக்கொண்டிருந்த நாகலெட்சுமி கத்திய கத்தலில் வேன் நின்றது. வேனுக்குள் இருந்த பிள்ளைகள் அவளைப் பார்த்துக் கையாட்டினார்கள். பொலிஸ் வந்து, இனி கயிற்றை வேறு ஆளிடம் கொடுத்தால் வழக்கு என்று எச்சரித்தது. வழக்கு இல்லாவிட்டாலும் அவள் கொடுத்திருக்க மாட்டாள். அந்தக் கையாட்டல் அவளைத் தூங்கவிடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மூன்றாவது ஆள் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போனான். வீரய்யா மழையில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். இரவுக்குப் பொலிஸ் ஓர் ஊர்காவல் ஆளை அனுப்பியது. விடிந்தால் அவருக்கு வேறு இடத்தில் வேலை. பகல் முழுக்க நாகலெட்சுமி ஒருத்தி. அந்தக் கிழமையில்தான் அவளுடைய அம்மா அம்மாக்கண்ணு நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள்.

சேர்த்த அன்று பார்த்த முகம்தான், அப்புறம் மகள் பார்க்கவில்லை. செத்தது சனிக்கிழமை. கையெழுத்துப் போட வேண்டியவர் திங்கள்தான் வந்தார். பெட்டி மேல் ரோடு வழியாகத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு வந்து சேரும்போது நாகலெட்சுமி கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். நாள் கடந்த உடம்பு, அதிக நேரம் வைக்க முடியாது, மத்தியானமே எடுக்கவேண்டும் என்று அண்ணன் ஜெயகாந்தன் சொல்லிவிட்டான்.

முதல் நாளே அவள் பொலிஸ் சார்ஜனுக்குப் போன் போட்டுச் சிங்களத்தில் கெஞ்சியிருந்தாள்.

"அழ வேண்டாம் நங்கி," என்றார் அவர். நங்கி என்று தங்கச்சி முறை வைத்துப் பேசுகிற நல்ல மனிதர்தான். "காலையில் ஒரு ஆளை அனுப்புகிறேன்."

காலை வந்தது, ஆள் வரவில்லை. மறுபடி போன் போட்டாள். பெரிய இடத்து ஆட்கள் நுவரெலியாவுக்கு வருகிறார்களாம், எல்லாரும் ரோட்டில் நிற்கிறார்களாம்.

"கேட்டை மட்டும் விட்டுவிடாதே நங்கி. ஏதாவது ஆனால் நானும் உன்னைக் காப்பாற்ற முடியாது," என்றார்.

லயத்தில் தப்பு அடிப்பது கேட்டுக்குக் கேட்டது. குளிப்பாட்டுகிறார்கள், கோடி போடுகிறார்கள், வாய்க்கரிசி போடுகிறார்கள் என்று அடி மாறும்போதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. கூப்பிடு தூரம்தான். கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

ஆனாலும் அவளுக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது. அந்தத் தோட்டத்தில் லயமும் அவள் கூடும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், மயானம் அந்தப் பக்கம். பெட்டியை லயத்தில் தூக்கினால், தண்டவாளத்தைத் தாண்டி ரோட்டோரம் இருக்கிற கல்லில்தான் இறக்குவார்கள். அங்கே தலைமாடு கால்மாடு மாற்றி, மூடியைத் திறந்து கடைசியாக ஒருமுறை முகம் காட்டுவார்கள். பெண்கள் அத்தோடு திரும்பிவிட வேண்டும். கேட்டிலிருந்து அந்தக் கல் கொஞ்ச தூரம்தான். பகல் வண்டி மேலே போனபின் நெடுநேரம் ரயில் கிடையாது. அந்த இடைவெளியில் கொண்டு வாருங்கள், ஓடிப்போய் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று அண்ணனுக்குச் சொல்லியனுப்பியிருந்தாள்.

பகல் வண்டி போனது. சொன்னபடியே தப்புச் சத்தம் மலையை விட்டு இறங்கியது. வளைவில் பெட்டி தெரிந்தது. அம்மா என்று அவள் வாய் திறக்கவும் கையில் போன் அடித்தது. தனுஷிகா.

அட்டவணையில் இல்லாத வண்டி. வெளிநாட்டுக்காரர்களுக்கென்று விடுகிற விசேஷ வண்டியாக இருக்கும். அதைக் கேட்டுக்காரிக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றப் போகிறது? நாகலெட்சுமி ஒரு கணம் நின்றாள். பிறகு கயிற்றை இழுத்தாள். கம்பம் பெட்டிக்கு நேர் முன்னால் இறங்கியது.

தப்பு நின்றுவிட்டது. முன்னால் தோள் கொடுத்து வந்த ஜெயகாந்தனுக்கு முகம் சிவந்தது.

"ஏய் நாகு, என்ன வேல செய்யிற? தூக்கு!"

"கோச்சி வருதுண்ணே."

"நீதானே இப்ப கோச்சி இல்லேன்னு சொன்ன? தூக்கின பெட்டிய நடுவழியில எறக்கக் கூடாது, தெரியுமா தெரியாதா? பெத்த தாய்க்கே கேட்டப் போடுறியா?"

"கால்ல விழுறேன்ணே, கொஞ்சம் பொறுங்க. தனுஷிகா கேட்டத் தாண்டிருச்சு."

"நாங்க ஓடித் தாண்டிருவோம். தூக்கு."

அவள் தூக்கவில்லை. கயிறு உள்ளங்கையில் அறுத்தது. பெட்டிச் சுமையோடு ஆண்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். பக்கத்து வீட்டு அழகம்மா மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, கோபமா சிரிப்பா என்று தெரியாத குரலில் சொன்னாள்:

"உசுரோட இருக்கையில ஒரு நாளாச்சும் இந்தக் கேட்டுல நின்னிருப்பாளா? எங்கப்பன் நடந்த பாதை, எவன்டா மறிக்கிறதுன்னு கம்பத்துக்கு அடியில பூந்து போவா. இன்னிக்குப் பாரு, மக சொல்லு கேட்டு நிக்கிறா."

சிலர் அழுகையோடு சிரித்தும்விட்டார்கள். நாகலெட்சுமியால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. வண்டி வளைவு திரும்பி வந்தது. வாசலில் தொங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, மாலையும் பூவும் தப்புமாக நின்ற கூட்டத்தைப் பார்த்துத் திருவிழா என்று நினைத்தாளோ என்னவோ, சந்தோஷமாகக் கையை ஆட்டினாள்.

கம்பம் ஏறியது. ஜெயகாந்தன் தங்கையைப் பார்க்காமலே கடந்தான். பெட்டி தண்டவாளத்தைத் தாண்டியது. கல்லில் இறக்கினார்கள், தலைமாடு மாற்றினார்கள், மூடியைத் திறந்தார்கள். பெண்கள் ஓவென்று அழுதபடி பெட்டியைச் சுற்றிக் கூட, நாகலெட்சுமி கூட்டை விட்டு இறங்கினாள். இரண்டு எட்டு வைத்திருப்பாள். போன் அடித்தது. இந்தத் தடவை மேல் கேட்டு.

விசேஷ வண்டிக்கு வழிவிட மேல் ஸ்டேஷனில் நிறுத்தி வைத்திருந்த, அட்டவணையில் இல்லாத சரக்கு வண்டியை இப்போது கீழே விட்டிருக்கிறார்கள். அவள் திரும்பி வந்து கயிற்றைப் பிடித்தாள். கம்பங்கள் இறங்கின. லயத்துப் பக்கம் ஒரு தனியார் பஸ் வந்து கம்பத்தை முட்டாத குறையாக நின்று ஹோர்ன் அடித்தது. அடுத்த ஸ்டாண்டில் நேரம் பிந்தினால் அவர்களுக்கும் மேலே ஒருத்தன் கேள்வி கேட்பான்.

"கயித்த எங்கிட்டக் குடு புள்ள," என்று அழகம்மா கல்லடியிலிருந்து தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்தாள். "நான் புடிச்சிக்கிறேன். நீ போயி ஒங்காத்தா மொகத்தப் பாரு. மூடப் போறாங்க."

நாகலெட்சுமி கொடுத்தாள். ஆமாம், கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அவளும் மனுஷிதானே. கயிறு கை மாறிய அந்த நொடியில் கம்பத்தின் பின்முனைக் கல்லின் பாரம் அழகம்மாவை முன்னால் இழுத்தது. கம்பம் ஒரு முழம் மேலே எழுந்தது. திறக்கிறார்கள் என்று நினைத்து பஸ் உறுமிக்கொண்டு முன்னே நகர்ந்தது. நாகலெட்சுமி பாய்ந்து கயிற்றைப் பற்றித் தன் முழு உடம்பையும் போட்டுத் தொங்கினாள். கம்பம் பஸ்ஸின் மூக்கில் பட்டு இறங்கியது. டிரைவர் திட்டினான். பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை அழுதது.

"வேண்டாம் அத்தை," என்றாள் அவள். "நீங்க போங்க. நான் வரல."

இதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து ஜெயகாந்தன் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை கயிற்றோடு கயிறாகத் தொங்கியதைப் பார்த்ததும் அவனுக்குள் இருந்த கோபம் எங்கோ போய்விட்டது. மூடியைப் போடப் போனவன் கையைத் தட்டிவிட்டான்.

"புடிங்கடா," என்றான். "அவளுக்குக் காட்டிட்டு மூடுவோம்."

நான்கு பேர் திறந்த பெட்டியைத் தூக்கினார்கள். அவனே முன்னால் நின்று, கம்பத்துக்கு அடியில் குனிந்து நுழைந்து, தண்டவாளத்தின் ஓரம்வரை கொண்டு வந்தான். பெட்டியை அவள் பக்கமாகச் சாய்த்தான்.

"நாகு! பாத்துக்கம்மா! அம்மாவப் பாத்துக்க!"

வளைவுக்குள் எஞ்சின் ஊதியது.

"பின்னால போங்க!" என்று நாகலெட்சுமி அலறினாள். வருஷக்கணக்காகக் கத்திப் பழகிய அதே குரல். "லைனுக்குக் கிட்ட வராதீங்க! பின்னால போங்க, பின்னால போங்க!"

ஜெயகாந்தன் திகைத்துப்போனான். பெட்டியைத் தூக்கியவர்கள் ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வண்டி வந்துவிட்டது. பெட்டி பெட்டியாக, பெட்டி பெட்டியாக, முடியாத வண்டி போல் அது போய்க்கொண்டே இருந்தது.

போய் முடிந்தபோது அந்தப் பக்கத்தில் மூடி அறைந்தாகிவிட்டது. ஆண்கள் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மயானத்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கயிற்றை விட்டாள். பஸ் முதலில் கடந்தது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, டைம் போச்சு என்று அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனான். அதற்குப் பின்னால் பெண்கள் திரும்பி வந்தார்கள். அழகம்மா கூட்டுக்குள் வந்து, தோல் உரிந்திருந்த அவள் உள்ளங்கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"போவட்டும் விடு. எப்படியும் பொம்பளைங்க இந்தக் கல்லு வரைக்குந்தான் வந்திருப்போம்," என்றாள். பிறகு, "ஒங்கண்ணன் காட்டுனானே, மொகத்த நல்லாப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன் அத்தை," என்றாள் நாகலெட்சுமி.

அவள் பார்க்கவில்லை. அண்ணன் பெட்டியைச் சாய்த்த அந்த நேரத்தில் அவள் கண் போனது அவனுடைய காலுக்குத்தான். காலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.