மணித்தியாலக் கூலிக்கு மடாதிபதி

எந்த வேலைக்கும் உடுப்பு மாத்தத்தான் வேணும். எனக்குக் கிடைச்ச வேலையோ உடுப்பு மாத்தினதோடையே பாதி முடிஞ்சுபோற வேலை. ரொறன்ரோவுக்கு வந்த புதுசிலை வேலையிடத்திலை ஊராக்களைக் கண்டு தூணுக்குப் பின்னாலை ஒளிச்சவையளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். தொண்ணூறுகளிலை இஞ்சை ஒரு மியூசியத்திலை, முந்நூறு நானூறு வருசத்துக்கு முந்தின ஐரோப்பிய மடம் ஒண்டைச் செய்து வைச்சிருந்தவை. பெனடிக்ற் எண்ட கத்தோலிக்கச் சபைச் சந்நியாசிகளின்ரை மடம். அதின்ரை மடாதிபதி நான். நல்லூர் முருகனுக்குக் காவடி எடுத்த நான்!

தலைமூடி

சூப்பர்வைசர் ஒரு வெள்ளைக்கார மனுசி. தலைமூடி வைச்ச கறுப்பு அங்கி, சிலுவை, பிளாஸ்ரிக் மோதிரம் எல்லாம் தந்து, மடாதிபதியின்ரை சீவியத்தைப் பாடமாக்க விட்டா. சுகமான சீவியம் எண்டு நினையாதேங்கோ. இருட்டோடை எழும்பிச் செபம். பிறகு வயல் குத்தகை, மில், பிஷப்போடை வழக்கு, சந்நியாசிகளுக்குள்ளை சண்டை. நிம்மதியாய்ச் சாப்பிடவும் ஏலாது, வாற விருந்தாளியளோடைதான் சாப்பாடு. வந்தவையின்ரை காலையும் கழுவ வேணும், அது மடத்துச் சட்டம். அந்தக் காட்சிதான் அங்கை நடக்கும். சனத்திலை ஆராவது வந்து கதிரையிலை குந்துவினம், நான் குனிஞ்சு கழுவுவன்.

"என்ரை நிறத்திலை அந்தக் காலத்து மடாதிபதி இருந்திருப்பாரோ?" எண்டு கேட்டன். மனுசி யோசிக்கவே இல்லை. "தலைமூடியை நல்லாய் இழுத்துவிடு. ஒருத்தரும் உன்னைப் பாக்க வரேல்லை."

மோதிரம்

ஒருநாள் ஒரு போர்த்துக்கீசக் கிழவி வந்து முழந்தாளிலை நிண்டு என்ரை பிளாஸ்ரிக் மோதிரத்தைக் கொஞ்சிச்சுது. மகனுக்குச் சுகமில்லையாம், ஆசீர்வதிக்கட்டாம். "அம்மா, நான் உண்மையான சுவாமியார் இல்லை, சைவக்காரன்" எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை சொல்லித் தூக்கிவிட்டன். கிழவி கண்ணைத் துடைச்சுக்கொண்டு சொல்லிச்சுது: "தெரியும் மகன். உண்மையானவருக்கு எப்பவும் நேரமில்லை."

மனேஜர்

நானும் தங்கச்சி வசந்தியும் சென் ஜேம்ஸ் ரவுணிலை ஒரு அப்பார்ட்மென்ரிலை இருந்தனாங்கள். அவளுக்கு ரொறன்ரோவின்ரை கிழக்குப் பக்கம், வோபர்னிலை ஒரு சம்பந்தம் பேசி வந்தது. ஃபோட்டோவிலை பாத்த உடனையே பெடியனை அவளுக்கு நல்லாய்ப் பிடிச்சுப் போச்சு. மாப்பிள்ளையின்ரை தாய் ஃபோனிலை "தமையன் என்ன செய்யிறார்?" எண்டு கேக்க, நான் பக்கத்திலை நிக்கத் தக்கதாய், "மியூசியத்திலை மனேஜர்" எண்டிட்டாள். அவளை ஏசுவம் எண்டால், கூடப் பிறந்ததே வெக்கப்படுற வேலையை நான் செய்யிறன் எண்ட நினைப்பு வாயை அடைச்சுப் போட்டுது. பிறகு சோறு போட்டுக்கொண்டு, என்ரை முகத்தைப் பாக்காமல் சொன்னாள்: "கலியாணம் முடியுமட்டும் அண்ணா. பிறகு நீங்கள் என்னவாயும் இருங்கோ."

விருந்தாளி

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலை குனிஞ்சபடி வந்து, கதிரையிலை இருந்தவரின்ரை காலைத் தட்டத்திலை வைச்சுக் கழுவித் துடைச்சு, பாடமாக்கின இங்கிலீஷ் வரவேற்பைச் சொன்னன்.

"உது எங்கடை யாழ்ப்பாணத்து இங்கிலீசெல்லோ!" எண்டு கதிரைக்குப் பின்னாலை ஒரு குரல்.

நிமிந்தன். கதிரையிலை, ஃபோட்டோவிலை பாத்த மாப்பிள்ளை. பின்னாலை தகப்பன். மனேஜரை ஒருக்காக் கண்டிட்டுப் போவம் எண்டு வந்தவையாம். வாசலிலை என்ரை பேரைச் சொல்லிக் கேக்க, இஞ்சை அனுப்பிவிட்டிருக்கினம்.

ஐயோ, நிலம் பிளந்தால் உள்ளை போயிருப்பன். கையிலை ஈரத் துவாய். என்னாலை வசந்தியின்ரை கலியாணம் குழம்பிப் போச்சு எண்ட பயத்திலை, "அங்கிள், அந்தக் காலத்திலை மடாதிபதி எண்டால் மனேஜர்தான். வயல், மில், வழக்கு எல்லாம்..." எண்டு உளறினன். பெடியன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். தகப்பன் சிரிக்கேல்லை. என்னையும் தட்டத்தையும் மாறிமாறிப் பாத்தார்.

எங்கடை கலியாணங்களிலை மாப்பிள்ளை வந்து இறங்கேக்கை பொம்பிளையின்ரை சகோதரம் காலைக் கழுவுறதும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுறதும் உங்களுக்குத் தெரியும்தானே. தகப்பன் சொன்னார்: "தம்பி, கலியாணத்தண்டைக்குக் கழுவவேண்டிய காலை நீர் இண்டைக்கே கழுவிப்போட்டீர். இனி மோதிரம் போடாமல் நாங்கள் எப்பிடித் திரும்பிப் போறது?"

கலியாணமும் நடந்து, பிளாஸ்ரிக் மோதிரம் போய்த் தங்க மோதிரமும் வந்திட்டுது; ஆனால் அந்த வோபர்ன் வீட்டுக் கதவைத் திறந்து "வாங்கோ மனேஜர்" எண்டு மாப்பிள்ளையின்ரை தகப்பன் கூப்பிடேக்கையெல்லாம், இல்லாத தலைமூடியை இழுத்துவிடத்தான் இண்டைக்கும் என்ரை கை போகுது.