புரொப்பெல்லருக்கு வைத்த பொட்டு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் போதுமென்று விட்டவன் நான். பேனாவைப் பிடித்தாலே கொட்டாவி வரும். ஆனால் கிள்ளானில் நண்பனுடைய அப்பாவின் கார் பட்டறை காலியாகிவிட்டது. அந்த எண்ணெய் வாசனை மட்டும் மூக்கை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பட்டறைச் சுவரில் ஆளைவிட நீளமான மரக் காற்றாடி ஒன்று மாட்டியிருந்தது. "சண்டை விமானத்து புரொப்பெல்லர்டா" என்பார் நண்பனின் அப்பா. யாரும் நம்பியதில்லை. நான் இருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறிப் போய் அவரைச் சீண்டுவதுதான் என் வேலை.

"அங்கிள், சுவிட்ச் எங்க? வேர்க்குது லா."

சிரித்துக்கொண்டே ஸ்பேனரை ஓங்குவார். ஆயுத பூசையன்று ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். காற்றாடிக்கு மட்டும் கூடவே வார்னிஷும் ஒரு பூச்சு. சுண்டலில் முதல் பொட்டலம் எனக்குத்தான்.

போன வருடம் அவர் இறந்துபோனார். நண்பன் பட்டறையை ரவாங்குக்கு மாற்ற முடிவு செய்தான்.

"அங்க இடம் சின்னதுடா. அப்பா கதை விட்டிருந்தா இந்தக் காத்தாடிய தூக்கிப் போட்டுடுவேன். நெசம்னாதான் கொண்டுபோவேன்."

சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய புரொப்பெல்லர் சேகரிப்பவர்களின் குழு ஒன்றைப் போனில் தேடிப் பிடித்துக் கேட்டேன். நடுக்கட்டையில் எழுத்து குத்தியிருக்கிறதா என்று கேட்டார் ஒருவர். அதை வைத்துத்தான் எந்த இஞ்சின், எந்த விமானம் என்று சொல்ல முடியுமாம். 'எழுத்தெல்லாம் இல்லை, மஞ்சளாக ஒரு கட்டிதான் இருக்கிறது' என்று தட்டிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. அங்கிள் பொட்டு வைக்கும் இடம்!

இருவரும் தின்னர் ஊற்றித் தேய்த்தோம். சந்தனத்தின் மேல் வார்னிஷ், வார்னிஷின் மேல் சந்தனம். தன் சாட்சியைத் தானே பூசை செய்து மூடி வைத்திருந்தார் மனுஷன். கடைசியில் மரத்தில் ஆழமாகக் குத்திய எழுத்தும் எண்ணும் தெரிந்தன. நண்பன் அவற்றை விரலால் தடவிக்கொண்டே நின்றான்.

படம் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. அசல் விமானத்துடையதுதான். ஆனால் சண்டை விமானம் இல்லை. புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கான சின்ன விமானம்.

நண்பனுக்குச் செய்தி போட்டேன்: "ஏரோப்ளேன்தான்டா. ஆனா உங்கப்பாவோட சண்டை விமானம், எல் ஸ்டிக்கர் ஒட்டுன வண்டி."

படித்துவிட்டான். பிறகு பதில் வந்தது:

"லோரில ஏத்தியாச்சு, இந்த வருஷம் பொட்ட கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்."