மாமி மொழிபெயர்த்த கோபம்

என் மாமிக்குக் கோபமே வராது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை மாமா தன் சொந்தச் சாதனை போலச் சொல்லித் திரிவார். மாமி மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவர். சீனப் பிள்ளைகளோடு படித்து விளையாடி வளர்ந்ததால் கன்டனீஸ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. யாழ்ப்பாணத்து மாமாவைக் கட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்த பிறகு அந்த மொழி ஒரே ஓர் ஆளிடம்தான் பயன்பட்டது. மெரிலேண்ட்ஸில் அவர்கள் வீட்டுக்கு நேர் மேலே குடியிருந்த சீன அன்ரிதான் அது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டால், அம்மா வேலை முடிந்து வரும்வரை மாமி வீட்டில்தான் இருப்பேன். மாமியின் கைக்குழந்தை தூங்குவான், இருமுவான், மறுபடி தூங்குவான். மேல் வீட்டிலிருந்து இரண்டு விஷயங்கள் அந்த வீட்டுக்குள் இறங்கி வந்தன. ஒன்று ஈரம். குளியலறைச் சுவரில் தொடங்கிய கறுப்புப் பூஞ்சணம், தொட்டிலுக்குப் பின்னால் வரை படர்ந்திருந்தது. சனிக்கிழமை தோறும் மாமி வினாகிரி ஊற்றித் தேய்ப்பார். அடுத்த சனிக்கிழமைக்குள் அது திரும்பி வந்துவிடும். மற்றது சீன அன்ரியின் ஏச்சு. பல்கலைக்கழகம் போகும் தன் ஒரே மகனை அவர் ஏசாத நாளே கிடையாது. மாமி குசினியில் வெங்காயம் வெட்டியபடி அதை எனக்குத் தமிழில் சொல்லுவார்.

"கோவத்துல நுரையீரல் வெடிச்சிருச்சாம்லா" என்பார். இன்னொரு நாள், தலையின் ஏழு ஓட்டைகளிலும் புகை வருகிறதாம். நான் என் முகத்தைத் தடவி எண்ணிப் பார்த்தேன். சரியாக ஏழு இருந்தது. எல்லாவற்றிலும் பெரியது சார்சியூ. அது தேன் பூசிச் சுட்ட பன்றி இறைச்சி. 'உன்னைப் பெத்ததுக்கு ஒரு துண்டு சார்சியூவைப் பெத்திருக்கலாம்' என்று அன்ரி கத்துவாராம். எங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்தால் 'மாடு' என்பதோடு சரி. இப்படியும் ஒரு மொழி உண்டா என்று நான் வாயைப் பிளந்தேன்.

வாடகை வீட்டைப் பார்க்க அவ்வப்போது ஓர் ஏஜென்ட் வருவார். நீலச் சட்டை, கையில் ஐபாட். மாமி அவருக்குச் சிரித்த முகத்தோடு கதவைத் திறப்பார். பூஞ்சணத்தை அவர் படம் எடுத்தால், "நோ வொறீஸ், நான் துடைச்சிடுறேன்" என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொல்லுவார். எல்லாம் மாமாவின் கட்டளை. "வாடகை வீடெண்டால் உதெல்லாம் இருக்கும். வாயைத் திறந்தால் வெளியில போ எண்டிடுவான்" என்பார். கூடவே, பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற பழமொழியும் வரும்.

ஒருநாள் சீன அன்ரி வந்து மாமியின் கையைப் பிடித்து இழுத்தார். மேல் வீட்டில் ஏஜென்ட் நின்றார். அங்கேயும் சுவரெல்லாம் பூஞ்சணம். நாள் முழுக்கச் சூப் கொதிக்க வைப்பதால்தான் அது வருகிறது, இப்படியே போனால் அடுத்த வருஷத்துக்கு வீடு தரமாட்டோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மகன் வகுப்புக்குப் போய்விட்டான். அன்ரிக்கோ ஆங்கிலம் தெரியாது. மாமி குழந்தையை இடுப்பில் வைத்தபடி நடுவில் நின்றார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்ரி பொரிந்து தள்ளினார். அதற்குள் 'சார்சியூ' என்ற சொல் தெளிவாகக் கேட்டது. நான் மாமியின் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஏஜென்டின் தாய் இறைச்சித் துண்டைப் பெற்றிருக்கலாம் என்று மாமி இப்போது சொல்லப் போகிறார், அன்ரி இன்றைக்கே நடுத்தெருவுக்கு வரப் போகிறார்!

மாமி தொண்டையைச் செருமினார். உங்கள் அம்மாவை இந்த வீட்டில் ஒரு கிழமை இருக்க விடுவீர்களா என்று அன்ரி கேட்பதாக ஆங்கிலத்தில் சொன்னார். ஏஜென்டின் காது சிவந்தது. அடுத்து வந்த வசவும் மாமி குசினியில் சொல்லி எனக்குத் தெரிந்ததுதான். முகத்தோல் கோட்டை மதிலைவிடத் தடிப்பு. மாமி அதை, உங்களுக்கு என்ன துணிச்சல் என்ற பொருளில், "யூ ஹாவ் கொட் சம் நேர்வ்" என்று முடித்தார். எங்கள் வகுப்பு ரீச்சர் கோபத்தில் சொல்லும் அதே சொல், அதே இழுப்பு. அன்ரி சிட்னியிலேயே பிறந்து சிட்னியிலேயே கோபித்துக்கொண்டவர் போல இருந்தது. நான் மாமியை அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு உயரமாக அவர் எனக்கு அதுவரை தெரிந்ததில்லை.

பிறகு அன்ரி களைத்துவிட்டார். மாமியின் முகத்தையே பார்த்தபடி, "ஹய் ஆ" என்று மட்டும் சொன்னார். மாமியோ அதை நெடுநேரம் மொழிபெயர்த்தார். சனிக்கிழமை தோறும் தேய்த்துக் கைத்தோல் உரிந்தது, விடிய விடியப் பிள்ளை இருமுவது, ஒவ்வொரு முறையும் படம் எடுத்துக்கொண்டு போய் நீங்கள் ஒன்றும் செய்யாதது. மாமி நிறுத்தினால் அன்ரி மறுபடியும் "ஹய் ஆ" என்பார். மாமி தொடருவார். அவர் குரல் நடுங்கியது. ஏஜென்ட் தலையைக் குனிந்து ஐபாடில் எழுதினார்.

படியில் இறங்கும்போது கேட்டேன். "மாமி, அவ ரெண்டு சொல்லுத்தானே சொன்னவ. நீங்கள் எவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்!"

"சைனீஸ் அப்படித்தான்லா. சின்னச் சொல்லுல நெறைய அடங்கும்" என்றார் மாமி. நான் மறுநாள் வகுப்பு முழுக்க அதைப் பரப்பினேன்.

பத்து நாளில் ஆட்கள் வந்து, மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் இடையில் ஒழுகிய குழாயை மாற்றினார்கள். அன்ரிக்கு வீடு நிலைத்தது. மாமி வீட்டுச் சுவரும் காய்ந்தது. "பார்த்தியே, பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார் மாமா. மாமி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

இப்போது என் அலுவலகத்தில் பக்கத்துக் கதிரையில் ஹொங்கொங் பெண் ஒருத்தி இருக்கிறாள். போனில் தாயோடு பேசும்போது நிமிஷத்துக்கு நாலு தரம் "ஹய் ஆ" என்பாள். போன மாதம்தான் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். 'ஓம்', 'ஆமாம்' என்றுதான் அர்த்தமாம். வேறொன்றும் இல்லையாம்.

அன்று சீன அன்ரி ஓம், ஓம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். மேல் வீட்டில் இருமுவதற்குக் குழந்தையே கிடையாது. இருந்த ஒரே குழந்தை மாமியின் இடுப்பில்தான் இருந்தது.