எமிலின் புதுத் துப்பாக்கியில் குறை

வெல்டா ரீமிடம் துப்பாக்கி கொண்டு போகிறவன் திட்டு வாங்கத் தயாராகத்தான் போக வேண்டும். துடைக்காமல் கொண்டு போனால் திட்டு. அளவுக்கு மீறித் துடைத்து, எண்ணெய் வழிய வழியக் கொண்டு போனால் அதற்கும் திட்டு. நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் பக்கம், மனிதர்களைவிட மாடுகள் பல மடங்கு அதிகமுள்ள ஒரு ஊரில் முப்பத்து நாலு வருஷமாகத் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிறாள். லாரி ஓட்டிக்கொண்டு டென்வருக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. அவளும் தேடவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், “இரும்புக்குத்தான் நான் ரிப்பேர், ஆம்பளைக்கு இல்ல” என்று வாயை அடைத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளின் பட்டறைக்குப் பின்னால் ஒரு இரும்பு அலமாரி இருக்கிறது. அதில் இருக்கும் துப்பாக்கிகளுக்கு ஒரு குறையும் கிடையாது. யாராவது ஒரு பெண் வந்து, “வெல்டாக்கா, எங்க வீட்டுக்காரருக்கு மனசு சரியில்ல, கொஞ்ச நாள் இது இங்க இருக்கட்டும்” என்பாள். வெல்டா ஒரு கேள்வி கேட்க மாட்டாள். வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாள். சொந்தக்காரன் வந்து கேட்டால், “பார்ட்ஸ் வரல” என்று பச்சைப் பொய் சொல்லுவாள்.

அந்த அலமாரி கர்டிஸால் வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் கர்டிஸ் என்ற இளம் விவசாயி துப்பாக்கிக்கு விசை சரிசெய்ய வந்தான். போகும்போது, என்றைக்கோ இரவல் வாங்கிப்போன திருப்புளியை மறக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனான். பரவாயில்லையே, பொறுப்பான பையன் என்று வெல்டா நினைத்தாள். அதே துப்பாக்கியால் தன் உயிரை முடித்துக்கொண்டான்; மூன்றாம் நாள் அவனை அடக்கம் செய்தார்கள். விசாரணை முடிந்து வந்த போலீஸ்காரன், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, “துப்பாக்கில ஒரு குறையும் இல்லக்கா, நீங்க நல்லாத்தான் பண்ணிருந்தீங்க” என்றான். பாவி, அந்தச் சொல்லை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இந்த வருஷம் நவம்பரில் எமில் கோசிசெக் வந்தார். வயது அறுபத்தெட்டு. எமிலும் அவருடைய தம்பி லாடியும் கல்யாணமே செய்துகொள்ளாமல், ஊரிலிருந்து இருபத்திரண்டு மைல் தள்ளி, ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்து வாழ்ந்தவர்கள். கன்று ஈனும் காலத்தில் ஓநாய்நரிகள் தொல்லை தாங்கவில்லை என்று இருவரும் ஆசைப்பட்டுப் புதுத் துப்பாக்கி ஒன்று சொல்லிவைத்தார்கள். ஒரு முறை சுட்டால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். அது வந்து சேர்வதற்குள் அக்டோபரில், தண்ணீர் இறைக்கும் காற்றாடிக் கம்பத்தடியில், லாடியின் நெஞ்சு நின்றுபோனது. சர்ச்சுக்காரர்கள் இரண்டு வாரம் எமிலுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பாத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதோடு சரி.

அவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைக்கச் சொல்லி வெல்டாவிடம் வர, அவருக்கு ஒரு பெண்ணும் இல்லை. எதிரில் வந்து நின்றவரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று தப்பிப் போட்டிருந்தார்.

“மூணாவது குண்டுலயே மாட்டிக்குதும்மா. காலித் தோட்டா வெளிய வர மாட்டேங்குது. உள்ள கறுப்பு வேற அங்கங்க தேஞ்சு பல்லிளிக்குது. புதுசுங்க. என் தலையில கட்டிட்டானுங்களா?”

வெல்டா பிரித்துப் பார்த்தாள். உள்ளே முன்னும் பின்னும் ஓடுகிற போல்ட் எலும்பாய்க் காய்ந்து கிடந்தது. உரசும் இடங்களில் பூச்சு போய் வெள்ளை வெள்ளையாகக் கோடு.

“எண்ணெய் போட்டீங்களாண்ணே?”

“புதுசுக்கு எதுக்கு?”

“நல்லாக் கேட்டீங்க போங்க! புதுச் செருப்பு கடிக்காதா? இதுவும் அப்படித்தான். தேயறது பூச்சு, இரும்பு இல்ல. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசிப் பழகணும். ஸ்பிரிங்கும் முரட்டுத்தனமா இருக்கு, அதுவும் தளரணும். நல்ல தோட்டாவா இருநூறு சுடுங்க. எண்ணெய்க்குக் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அப்பறமும் மாட்டுச்சுன்னா என்கிட்ட கொண்டாங்க.”

“இருநூறா? லாடி இருந்தா ஒரே நாள்ல சுட்டுத் தள்ளிருப்பான்” என்றார் எமில். பிறகு ஒரு மணி நேரம் அடுப்போரம் உட்கார்ந்து காபி குடித்தார். இருநூறு தோட்டா உள்ள பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அது ஒரு புதன்கிழமை.

அடுத்த புதன்கிழமை வந்தார். குறிபார்க்கும் கண்ணாடியின் திருகு ஆடுகிறது என்றார். முடுக்கிக் கொடுத்தாள். காபி, ஒரு மணி நேரம். தம்பி செய்துவந்த கொலாச்சே என்ற இனிப்பு ரொட்டியைப் பற்றிப் பேசினார். நடுவில் வைக்கிற கொடிமுந்திரியை அவன் எந்தப் பதத்தில் வேகவைப்பான் என்று தெரியவில்லையாம், இவர் செய்தால் கூழாகிப் போகிறதாம். அதற்கடுத்த புதன்கிழமை, தோட்டா அடுக்கும் மேகசினுக்குள் ஸ்பிரிங் தலைகீழாக இருந்தது. “சுத்தம் பண்ணேன், மாத்திப் போட்டுட்டேன் போல” என்றார். மறுபடி காபி. அவர் குடிப்பதற்கென்றே ஒரு நீலக் கோப்பை அடுப்போர அலமாரியில் ஒதுங்கிவிட்டது. அதைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டுப் போவார், வெல்டா திட்டிக்கொண்டே கழுவுவாள்.

நாலாவது புதன்கிழமை வந்தபோது பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை. மான் வேட்டைக்காகத் துப்பாக்கிகள் குவிந்து கிடந்தன. ஆளாளுக்கு அவசரம். எமில் மேகசினை நீட்டினார். தோட்டா மேலேறி வருகிற இடத்தில் தகட்டு உதடு கோணிக் கிடந்தது.

“கீழ விழுந்துருச்சும்மா.”

வெல்டா அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். விழுந்த அடி இல்லை அது. குறடு கடித்த பல் தடம், வரிசையாக, இரண்டு பக்கமும். குழலுக்குள் பார்த்தாள். போன வாரம் அவள் துடைத்து அனுப்பிய கண்ணாடிப் பளபளப்பு அப்படியே இருந்தது. பொட்டுக் கரி இல்லை.

“எத்தன சுட்டீங்க?”

“அது... ஒரு நூத்தி இருவது இருக்கும்.”

“பொய்!” என்றாள் வெல்டா. பட்டறையில் இருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “ஒண்ணு கூடச் சுடல. முப்பத்து நாலு வருஷமா நான் என்ன களை பிடுங்கிட்டு இருக்கேனா? நீங்களே குறடால நெளிச்சுட்டு வந்து நிக்கிறீங்க. போன வாரம் ஸ்பிரிங்கும் நீங்கதான் மாத்திப் போட்டீங்க. அந்தத் திருகும் உங்க கைவேலதான். இங்க ஊரே வரிசைல நிக்குது, உங்களுக்கு விளையாட்டா இருக்கா?”

எமிலுக்குக் காது சிவந்தது.

ரோஷம் வந்துவிட்டால் வெல்டாவுக்குக் கண் மண் தெரியாது. அத்தனை வேலையையும் தள்ளிவைத்துவிட்டு, அவர் கண்ணெதிரேயே அந்தத் துப்பாக்கியை முழுக்கப் பிரித்தாள். சொரசொரப்பைத் தேய்த்தாள். காலித் தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கியின் ஸ்பிரிங்கை மாற்றினாள். புது மேகசின் போட்டாள். திருகுகளுக்கெல்லாம் பசை வைத்து இறுக்கினாள். பின்கொட்டகைக்குக் கொண்டுபோய் அவளே அறுபது குண்டு சுட்டுக் காட்டினாள். ஒன்றுகூட மாட்டவில்லை.

“இனிமே இதுல நீங்க நெனச்சாக்கூட குறை வராது. இத இங்க கொண்டு வராதீங்க.”

“சரிம்மா” என்றார் எமில். “நல்லாப் பண்ணிட்ட.”

அவர் எப்போது கிளம்பினார் என்றுகூட அவள் கவனிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை பத்து மணிக்குக் காபி போட்டாள். கை பழக்கத்தில் நீலக் கோப்பையைத் தேடியது. அது அலமாரியில் இருந்தது. கழுவி, துணியால் துடைத்து, சுத்தமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இவள் கழுவவில்லை.

வெல்டா அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கர்டிஸ் வைத்துவிட்டுப் போன திருப்புளி ஞாபகம் வந்தது. “அடி பாவி மகளே” என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். வரிசையில் நின்றவனிடம், “கடை சாத்திருச்சு, போ” என்றாள். அவன் ஏதோ முணுமுணுத்தான். அவனை வெளியே தள்ளாத குறையாகப் பூட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

இருபத்திரண்டு மைலும் சரளைக்கல் சாலை. பனி லேசாகத் தூவிக்கொண்டிருந்தது. போன் போட்டாள், எடுக்க ஆளில்லை. பதினெட்டாவது மைலில் பக்கத்துப் பண்ணையின் கேட்டடியில் கோசிசெக் வீட்டு நாய் கட்டப்பட்டிருந்தது. வேலியடியில் நின்ற பண்ணைக்காரர், “எமில்தான் திங்கக்கிழம கொண்டாந்து விட்டாரு. கொஞ்ச நாள் பாத்துக்கன்னாரு” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வெல்டா போய்விட்டாள். கடைசி நாலு மைலும் அவளுக்கு வேண்டிக்கொள்ளக்கூட வாய் வரவில்லை. நான்தானே பண்ணினேன், என் கையால்தானே பண்ணினேன் என்பது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கதவு பூட்டவில்லை. சமையலறையில் அடுப்பு அணைந்து கிடந்தது. எமில் கோட்டோடு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். நாலைந்து நாள் தாடி. மேசைமேல் விரித்த செய்தித்தாளில் துப்பாக்கி துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தது. இருநூறு தோட்டாப் பெட்டி திறந்திருந்தது. ஒரே ஒரு தோட்டா மட்டும் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றது.

வெல்டா முதலில் அந்தத் தோட்டாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது லாடியின் நாற்காலியாகத்தான் இருக்க வேண்டும்.

“சாகலாம்னு இருந்தீங்களாண்ணே?”

அந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் அப்படி நேராகக் கேட்பதில்லை. எமில் ஆமாம் என்று தலையாட்டினார்.

“ஞாயித்துக்கிழமையே நெனச்சேன். அப்பறம், எதுக்கும் ஒரு தடவ பிரிச்சுப் பாத்துருவோம்னு தோணுச்சு. ஏதாவது குறை இருந்தா புதன்கிழம உன்கிட்ட கொண்டு வரலாம்ல. இல்லன்னா...” பிரிந்து கிடந்த துண்டுகளை விரலால் கிளறினார். “மூணு நாளாத் தேடறேன் வெல்டா. ஒரு மண்ணும் இல்ல. அவ்ளோ சுத்தமாப் பண்ணிருக்க.”

“எதுக்கு நாயக் கொண்டுபோய் விட்டீங்க?”

“அது என்ன பாவம் பண்ணுச்சு?”

வெல்டாவுக்கு அழுகை வந்துவிட்டது. கர்டிஸின் அடக்கத்தில்கூட அழாதவள். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, “மடச்சி, நான் மடச்சி” என்றாள். “இரும்பப் பாத்தேன், எதுக்க ஒரு ஆளு உக்காந்திருந்தத பாக்கல. ‘அடுத்த வாரமும் வர்றேன் வெல்டா, சும்மா காபிக்கு’ன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?”

“சும்மா எப்படிம்மா வர்றது?” என்றார் எமில். உண்மையாகவே அவருக்கு அது தெரியவில்லை. அறுபத்தெட்டு வருஷத்தில் வேலையில்லாமல் அவர் யார் வீட்டுக்கும் போனதில்லை.

மேசையில் அவருடைய குறடு கிடந்தது. வெல்டா அதை எடுத்தாள். தான் போட்ட புது மேகசினைக் கையில் எடுத்து, தகட்டு உதட்டைக் குறடால் கவ்வி, பலங்கொண்ட மட்டும் நெளித்தாள். அதோடு விடவில்லை. போல்ட்டின் கொக்கியைத் தனியே கழற்றி, ஸ்பிரிங்கை இழுத்து, கம்பியாக நீளும்வரை நீட்டினாள். முப்பத்து நாலு வருஷத்தில் அவள் கெடுத்த முதல் வேலை அது. எமில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாருங்க, எவ்ளோ பெரிய குறை! கண்ணு அவிஞ்சு போச்சா உங்களுக்கு, மூணு நாளாத் தேடினாராம்” என்றாள். “இத நான் இன்னிக்கே எடுத்துட்டுப் போறேன். வீட்ல வேற எத்தன இருக்கு?”

“நாலு. ரெண்டு லாடியோடது.”

“எல்லாம் சர்வீஸ் பண்ணி யுகமாச்சு. எடுங்க, வண்டில ஏத்துங்க. கோட்டு போட்டுத்தான இருக்கீங்க, நீங்களும் ஏறுங்க. போற வழியில நாயக் கூட்டிக்கிட்டு, டாக்டரப் பாத்துட்டு, என் வீட்டுக்குப் போறோம். பீன்ஸ் சூப்பு இருக்கு. தனியா இங்க ஒரு ராத்திரி கூட விட மாட்டேன், சொல்லிட்டேன்.”

எமில் எழுந்தார். துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றினார். வாசல்வரை போனவர் நின்றார்.

“இது சரியாகறதுக்கு எத்தன நாளாகும்?”

“பார்ட்ஸ் வரணும்” என்றாள் வெல்டா. “வாரா வாரம் புதன்கிழம வந்து கேட்டுப் பாருங்க.”